பெட்டிக்காரர் பதில்கள்

(ஸ்பெஷல் நாடக மேடைகளில் 41 வருஷம் ஆர்மோனியம் வாசித்துவிட்டு, இப்போது மதுரையில் மகள் வீட்டில் இருக்கும் 'பெட்டிக்காரர்' இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகையே கிடையாது, நடிகர்கள் மேடையில்தான் முதல்முறை சந்திக்கிறார்கள் என்கிறார் என் அப்பா. அப்படியானால் விடிய விடிய நாடகம் எப்படி ஓடுகிறது?
– கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

அப்பா சொன்னதில் சின்னத் திருத்தம் தம்பி. மேடையில் சந்திப்பதில்லை. மேடைக்குப் பின்னால், தட்டி மறைப்புக்குள், ஒரே கண்ணாடிக்கு முன்னால் சந்திக்கிறார்கள். கதாநாயகன் வேஷம் கட்டுகிற ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வந்திருப்பார். கதாநாயகி வேஷம் கட்டுகிற ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லிலிருந்து வந்திருக்கும். "வாங்கண்ணே, சாப்பிட்டாச்சா?" "ஆச்சு தாயி. நீ எத்தனை கட்டை?" இதுதான் எங்கள் ஒத்திகை.

கட்டை என்றால் சுருதி. அந்தப் பிள்ளை ஐந்தரை என்று சொல்லும். ராஜபார்ட் தன் கட்டையை விட்டு இறங்க மாட்டார், அது மானப் பிரச்சினை. மைக் இல்லாத காலத்தில் கடைசிச் சாக்கில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் கேட்க வேண்டுமென்று உச்சத்திலேயே பாடிப் பழகிய பரம்பரை. மைக் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, குரல் மட்டும் இறங்கவில்லை. கேள்வியும் பதிலுமாக மோதிக்கொள்கிற தர்க்கப் பாட்டு வந்தால் அவர் ஒரு கட்டையில் பாடி நிறுத்துவார், இந்தப் பிள்ளை வேறொரு கட்டையில் எடுக்கும். மிருதங்கக்காரர் தீர்மானம் வைத்து முடிப்பதற்குள் நான் சுருதியை மாற்றிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையை நாலு வருஷம் வாங்கித்தான் நான் தொழில் கற்றுக்கொண்டேன்.

ஒத்திகை கிடையாதே தவிர, பாடம் உண்டு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் வசனமும் மதுரைக்காரருக்கும் காரைக்குடிக்காரருக்கும் ஒன்றுதான். வள்ளி திருமணம் நாடகத்தில் நாரதர் இந்தப் பாட்டில் கேட்டால் வள்ளி அந்தப் பாட்டில்தான் பதில் சொல்ல வேண்டும். நடுவில் அவரவர் சொந்தச் சரக்கு சேரும். ஊர்ப்பெயர் வரும், நேற்று பேப்பரில் வந்த விலைவாசி வரும், எதிராளியைக் கவிழ்க்க ஒரு திருக்குறள் வரும். எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்து சேர வேண்டிய பாட்டு எதுவென்று மேடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ராஜபார்ட் பேச்சை முடிக்கப் போகிறார் என்பதை நான் அவருடைய வார்த்தையிலிருந்து கண்டுபிடிப்பதில்லை. மூச்சில் கண்டுபிடிப்பேன். பாடப்போகிறவன் மூச்சு வேறு, பேசப்போகிறவன் மூச்சு வேறு.

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் பங்குனிப் பொங்கல். வள்ளி வேஷம் கட்டிய பிள்ளை தொழிலுக்குப் புதுசு. நாரதரோடு தர்க்கம் சூடாகி, பாட்டில் ஒரு அடியை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிட்டது. நான் சமாளித்து வாசித்துக்கொண்டு போகிறேன், மிருதங்கமும் பின்னால் வந்துவிட்டது. பெண்கள் பக்கம் முன்வரிசையில் ஒரு அப்பத்தா எழுந்து நின்று, "ஏ தாயி, ஒரு அடிய முழுங்கிட்டியே!" என்றது. கூட்டம் சிரித்தது. பிள்ளைக்கு உதடு நடுங்குகிறது. விட்டுப்போன அடியின் எடுப்பை, அதாவது தொடக்கத்தை, பெட்டியில் ரெண்டு தடவை தொட்டுக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு முதலிலிருந்து பாடியது. விடிந்ததும் அந்த அப்பத்தா தட்டிக்குப் பின்னால் வந்து, "கோவிச்சுக்கிட்டியா?" என்று கேட்டு ஒரு சொம்பு கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டுப் போனது. எனக்குக் கொடுக்கவில்லை.

'ஸ்பெஷல்' என்ற பெயர் எப்படி வந்தது?
– வாசகி, சோழவந்தான்

முன்னே இருந்தது கம்பெனி நாடகம். முதலாளி ஒருவர் இருப்பார். நடிகர், வாத்தியார், சமையல்காரர், சீன் தட்டி எல்லாம் ஒரே குடும்பமாக ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் தங்குவார்கள். அதில் பையன்களை மட்டும் வைத்து நடத்தியது பாய்ஸ் கம்பெனி. சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர். அவர் 1918-இல் நம் மதுரையில்தான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைகளாக அங்கேதான் சேர்ந்தார்கள். டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அபிமன்யு நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஒரே ராத்திரியில் பாட்டோடு எழுதி முடித்ததாகச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் இதைச் சொல்லும்போது அந்த ராத்திரி பக்கத்தில் விளக்குப் பிடித்த மாதிரியே சொல்வார்கள்.

கம்பெனியில் சேராமல், அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் தனித்தனியாகப் பேசி வரவழைத்த நடிகர்களை வைத்துப் போட்டது 'ஸ்பெஷல்'. சினிமா வந்து கம்பெனிகள் எல்லாம் மூடிக்கொண்டன. ஸ்பெஷலுக்கு மூடுவதற்குக் கதவே இல்லை. திறந்த வெளி, கோயிலைப் பார்த்த மேடை, செலவு ஊர்ப்பொது. டிக்கெட் கிடையாது. அதனால் பிழைத்துக் கிடக்கிறது.

ஆர்மோனியத்தை ஒரு காலத்தில் ரேடியோவில் தடை செய்திருந்தார்களாமே?
– ஓய்வுபெற்ற தபால்காரர், வாடிப்பட்டி

ஆமாம். 1940-இல் தடை போட்டார்கள். 1971-இல்தான் தளர்த்தினார்கள். கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிக்கிற நெளிவு, வராத பெட்டி, வெள்ளைக்காரன் வாத்தியம் என்று காரணம். கமகம் வராது என்பது உண்மைதான், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அந்த முப்பது வருஷமும் கிராமத்து மேடையில் அதே பெட்டிதான் விடிய விடியக் கத்திக்கொண்டிருந்தது. தடை போட்டவர்கள் அந்த நேரத்தில் தூங்கியிருப்பார்கள்.

எங்கள் ஊரில் எல்லா வருஷமும் வள்ளி திருமணம்தான். முடிவு தெரிந்த கதையை எத்தனை தடவை பார்ப்பது?
– இல்லத்தரசி, அலங்காநல்லூர்

முடிவைப் பார்க்கவா தாயி போகிறோம்? முருகன் வள்ளியைக் கட்டிக்கொள்வார் என்று தெரியாதவன் அந்தப் பொட்டலில் ஒருவனும் இருக்க மாட்டான். நள்ளிரவுக்கு மேல் நாரதர் தினைப்புனத்துக்கு வருவார். பரண்மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவை விரட்டுகிற பெண்ணிடம், உனக்கு ஒரு மாப்பிள்ளை இருக்கிறான் என்று பேச்சைத் தொடங்குவார். அங்கேதான் நாடகம் இருக்கிறது. அவர் கேட்கிற கேள்விக்கு இந்தப் பிள்ளை இன்றைக்கு என்ன பதில் சொல்லப் போகிறது? சுவாமிகள் எழுதியதோடு நிறுத்திக்கொள்ளுமா, மேலே ஏதாவது சொல்லி அவரை மடக்குமா? ஒரு சீனியர் ராஜபார்ட் நாரதராக வந்து, முதல் வருஷத்துப் பிள்ளையிடம் பதில் தெரியாமல் நின்று, "சரி தாயி, இதுக்கு நான் அடுத்த வருஷம் வந்து பதில் சொல்றேன்" என்று மேடையிலேயே கும்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். நிஜமாகவே அடுத்த வருஷம் அதே ஊருக்கு வந்தார். பதிலோடுதான் வந்தார், ஆனால் அந்த வருஷம் வள்ளி வேறொரு பிள்ளை.

அப்புறம் வேலன், வேடன், விருத்தன் என்று முருகன் மூன்று உருவத்தில் வருவார். கிழவர் வேஷத்தில் தேனும் தினைமாவும் தின்றுவிட்டு விக்கல் எடுப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அந்த நேரத்துக்கு அதுகள் எல்லாம் தூங்கியிருக்கும். அம்மாக்கள் உலுக்கி எழுப்புவார்கள்.

அலுத்துப்போனால் ஊர்க்கூட்டத்தில் சொல்லிப் பவளக்கொடி போடுங்கள். தொண்டை உள்ள ராஜபார்ட் கிடைத்தால் அரிச்சந்திராவில் மயான காண்டம். சந்திரமதி செத்த மகனைத் தூக்கிக்கொண்டு வருகிற கட்டத்தில் பெட்டி வாசிப்பது கஷ்டம். விரல் பிரச்சினை இல்லை, கண்ணில் தண்ணீர் வந்தால் பெட்டியில் விரல் வைக்கிற கட்டை தெரியாது.

பபூன் (கோமாளி), டான்ஸ் என்ற பெயரில் முதல் இரண்டு மணி நேரம் ஆபாசம். புராண நாடகத்துக்கு இது தேவையா? நீங்களும் அதற்கு வாசித்தவர்தானே?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மேலூர்

வாசித்தவன்தான் அய்யா. மழுப்பவில்லை.

பபூனும் டான்ஸ்காரியும் நடுரோட்டில் முட்டிக்கொள்வது பழைய காமெடி. நல்ல பபூன் கையில் அது ஊரையே கேலி செய்கிற கண்ணாடி. தலைவர், வட்டிக்கடைக்காரர், குடிகாரப் புருஷன் எல்லோரும் அதில் வந்து போவார்கள். நான் வாசித்த ஒரு பபூன் இரட்டை அர்த்தமே பேச மாட்டார். தன் வழுக்கையை வைத்தே ஒரு மணி நேரம் ஓட்டுவார். மோசமான பபூன்களும் உண்டு. அவர்களை மோசமாக்கியதில் முன்வரிசைக்குப் பங்கு உண்டு. விசிலும் அன்பளிப்பும் எதற்கு விழுகிறதோ அது அடுத்த ஊரில் ரெண்டு மடங்காக வரும். ஊக்கு வைத்து ரூபாய் நோட்டைக் குத்துகிற சாக்கில் கை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் மேடையில் உட்கார்ந்திருக்கிறவன். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே ஒரு அடி பின்னால் நகர்ந்து என் பெட்டிக்கும் தனக்கும் நடுவில் இடம் இல்லாமல் வந்து நிற்கும். நான் சத்தத்தைக் கூட்டி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அது போதாது என்பதும் தெரியும்.

காலையில் அதே பிள்ளை பவுடரைக் கழுவிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பஸ்ஸில் ஒருத்தர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் வீட்டுக்குப் போகும். நாடகத்துக்குப் போகிறவள் என்று தெரிந்தால் வாடகைக்கு வீடு கொடுக்கமாட்டார்கள். ஆபாசம் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் ஒரு வரி சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும். உங்களைக் குறைசொல்லவில்லை அய்யா. நீங்கள் கேட்கவாவது கேட்டீர்கள்.

மழை வந்தால்?
– மாணவி, நத்தம்

பெட்டியைத்தான் முதலில் தூக்குவார்கள். அப்புறம்தான் முருகனை.

ஒரு ஊரில் ராத்திரி ரெண்டு மணிக்குக் கொட்டித் தீர்த்தது. வேடன் உள்ளே வரவேயில்லை. நாலு மணி வரை கோயில் மண்டபத்தில் குந்திக்கொண்டு, மழை விட்டால் ஆடுகிறோம் என்று காத்திருந்தோம். விடவில்லை. காலையில் பாதி நாடகத்துக்குப் பாதிப் பணம் என்று ஊர்க்காரர்கள் கணக்குப் போட்டார்கள். எங்கள் பபூன்தான் கேட்டார்: "அய்யா, கடவுள் முழு மழை கொடுத்தாரே, அவருக்கும் பாதி உண்டியலா?" அப்புறமும் பாதிதான் கொடுத்தார்கள்.

நாடக நடிகர் விஸ்வநாததாஸ் மேடையிலேயே இறந்தார் என்பது கதையா, நிஜமா?
– ஆட்டோ ஓட்டுநர், திருமங்கலம்

நிஜம். உங்கள் ஊரில் வாழ்ந்த மனிதர் அண்ணாச்சி, சிவகாசியில் பிறந்தவர். முருகன் வேஷத்தில் வந்து சுதந்திரப் பாட்டுப் பாடுவார். தினைப்புனத்தில் பறவை விரட்டுவது கதையில் இருக்கிறது அல்லவா, அங்கே வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டைப் போட்டு வெள்ளைக்காரனையே விரட்டினார். பாட்டு எழுதியவர் மதுரை பாஸ்கரதாஸ். கூட்டத்துக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும், போலீசுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். எத்தனையோ தடவை பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி ராத்திரி, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். மயில்மேல் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு வரும். அன்றைக்குப் பெட்டி வாசித்தவர் எந்த இடத்தில் கையை எடுத்தார்? பாட்டு நின்றதும் அடியை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எண்ணி, எடுப்பை ஒரு தடவையாவது வாசித்துக் காட்டியிருப்பார்.

பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்கிறார்கள். நாடகமே பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது. என்ன செய்வது?
– விழாக் கமிட்டி உறுப்பினர், பேரையூர்

2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்காக மாநில அரசு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணிவரை தளர்வு கொடுக்கலாம். எங்கள் தொழில் நேரமும் சட்டத்தின் தூக்க நேரமும் அச்சாக ஒன்று. அதனால் முன்கூட்டியே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். நோட்டீஸ் அடித்த பிறகு ஓடாதீர்கள்.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டு ஜன்னல் பக்கம் ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பி வைக்கிறவர்களுக்காக நான் பரிந்து பேச மாட்டேன். குழாயை இறக்கி, கூட்டத்தைப் பார்த்து மட்டும் வையுங்கள். என் வருத்தம் வேறு. இப்போதெல்லாம் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடிக்கச் சொல்லும்போது எதை வெட்டுகிறார்கள்? டான்ஸை வெட்டுவதில்லை. நாரதர் தர்க்கத்தை வெட்டுகிறார்கள். நாரதர் வந்தார், "வள்ளி, முருகன் வருகிறார்" என்று தகவல் சொன்னார், போனார். தந்தி கொண்டுவந்த ஆள் மாதிரி.

எங்கள் ஊருக்கு நாடகம் பேச வேண்டும். யாரைப் பார்ப்பது?
– வாசகர், கள்ளிக்குடி

மதுரை சுண்ணாம்புக்காரத் தெருவுக்கு வாருங்கள், நடிகர் சங்கம் அங்கேதான். அமைப்பாளரிடம் தேதியையும் நாடகத்தையும் சொல்லி முன்பணம் கொடுத்தால் அவர் ஆட்களைச் சேர்ப்பார். மாசியிலிருந்து சித்திரைவரை நல்ல ராஜபார்ட்டின் டைரியில் இடம் இருக்காது. தை பிறப்பதற்கு முன்னாலேயே வாருங்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் பெயர்களை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாமல், பெட்டி யார், மிருதங்கம் யார் என்றும் கேளுங்கள். நோட்டீஸில் எங்கள் போட்டோ கடைசி வரிசையில், தபால்தலை அளவுக்கு இருக்கும். நவம்பர் 13-ஆம் தேதியை ஒட்டி வந்தால் சுவாமிகள் நினைவு நாள். தமுக்கத்தில் அவர் சிலைக்கு மாலை போட எல்லோரும் திரள்வார்கள். நோட்டீஸில் பார்த்த முகங்களை எல்லாம் பவுடர் இல்லாமல் ஒரே இடத்தில் பார்க்கலாம். பாதிப்பேரை உங்களுக்கு அடையாளம் தெரியாது.

என் மகள் எம்.ஏ. படித்திருக்கிறாள். ராஜபார்ட் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். ஸ்திரீபார்ட் இல்லை, ராஜபார்ட்! அனுப்பலாமா?
– ஒரு தாய், திருப்பரங்குன்றம்

பெண் ராஜபார்ட் புதுசு இல்லை தாயி. கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் சினிமாவிலேயே நந்தனாராக ஆண்வேஷம் கட்டியவர். அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனியில் பையன்கள் சாவித்திரி ஆனார்கள், உங்கள் மகள் முருகன் ஆகட்டும்.

அனுப்பலாமா என்று கேட்டால், மேலே தலைமையாசிரியருக்கு எழுதியதை இன்னொரு தடவை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எம்.ஏ. கையில் இருப்பது நல்லது. ஐப்பசி அடைமழையில் சோறு போடும். அனுப்புவதாக இருந்தால், முதல் வருஷம் வேஷம் கட்ட வேண்டாம். பாட்டுப் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு, சீசன் முழுக்க நாடகம் நடக்கிற ஊருக்குப் போய்ப் பெண்கள் பக்கம் முன்வரிசையில் பாய் விரித்து உட்காரச் சொல்லுங்கள். மேடையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். யாராவது ஒரு அடியை விட்டால் அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அடுத்த தையில் என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள், எத்தனை கட்டை என்று பார்த்துச் சொல்கிறேன். சம்பளம் வேண்டாம். மகள் வீட்டில் எனக்குச் சும்மா இருந்து கால் மரத்துப்போகிறது.

காலால் மிதித்து வாசிக்கிற உங்கள் பழைய கால் ஆர்மோனியத்தை விற்பீர்களா? நல்ல விலை தருகிறேன்.
– பழம்பொருள் சேகரிப்பவர், சிவகங்கை

இல்லை. சின்னப் பேத்தி அதன்மேல்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். ரெண்டு கட்டை ஒட்டிக்கொண்டு எழும்பவில்லை, ஒரு பக்கத் துருத்தியில் காற்றுப் போகிறது. நேற்றுக்கூடத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்து ஒரு ஊக்கும் இருபது ரூபாய் நோட்டும் விழுந்தது. யாருக்கு வந்த அன்பளிப்பு என்று தெரியவில்லை.